பிழை சொல்லிப் பிரிதல்

மணமுறிவு வேண்டி நீதிமன்றம் செல்லும் இந்துத் தம்பதியருக்கு இந்தியச் சட்டம் இரண்டு வழிகளை வைத்திருக்கிறது. இருவரும் சேர்ந்து வந்து பிரிய விரும்புவதாகச் சொல்வது ஒரு வழி. நீதிமன்ற வளாகப் பேச்சில் இது ‘மியூச்சுவல்’ எனப்படும். ஒருவர் மற்றவர்மேல் குற்றம் சுமத்தி, அதை மெய்ப்பித்து, அதன் பயனாக விடுதலை பெறுவது மற்றொரு வழி. இதனைக் குற்ற அடிப்படை மணமுறிவு எனலாம். இந்த இரண்டாம் வழியில் செல்பவர், ஒரு காலத்தில் தம்முடன் ஒரே வீட்டில் உண்டு உறங்கிய ஒருவரின் குணக்கேட்டைப் பத்தி பத்தியாக எழுதி, எழுதியவை உண்மை என்று உறுதியும் கூறிக் கையெழுத்திட வேண்டும். அவ்வாறு எழுதச் சட்டம் தரும் அனுமதி அறத்தின் அனுமதியும் ஆகுமா என்பது கேள்வி. தானாகவே ஆகிவிடாது என்பதுதான் விடை. சுமத்தும் குற்றம் உண்மையாக இருக்க வேண்டும். அதைச் சொல்லாமல் விடுபட வேறு வழி இல்லாதிருக்கவும் வேண்டும். இவ்விரண்டில் ஒன்று குறைந்தாலும், நீதிமன்றம் வழங்கும் தீர்ப்பாணை செல்லத்தக்கதாயினும், அதைப் பெற்ற செயல் அறத்திலிருந்து வழுவியதேயாகும்.

இக்கேள்வியை அண்மையில் ஊரறியச் செய்தது பெங்களூருவில் நேர்ந்த ஒரு சாவு. 2024 டிசம்பர் 9 அன்று அந்நகரில் மென்பொருள் பொறியாளர் ஒருவர், 24 பக்கக் கடிதமும் ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீளும் காணொளியும் விட்டுவிட்டுத் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். உத்தரப் பிரதேசத்தின் ஜவுன்பூரில் நடந்த மண வழக்குகளே தம்மை இந்நிலைக்குத் தள்ளின என்பது அவர் கூற்று. அக்கூற்று எவ்வளவு உண்மை என்பதை ஆராய வேண்டியது நீதிமன்றமே. கட்டுரைகளுக்கும் காணொளிகளுக்கும் அந்த வேலை இல்லை. எனினும் சில நாள்களுக்குள்ளேயே நாடு இரண்டு அணிகளாகப் பிரிந்து, ஓர் அணி மனைவியர் அனைவரையும், மற்றோர் அணி கணவர் அனைவரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. ஒரு தனி வழக்கின் குற்றச்சாட்டை ஒரு பாலினத்தின் மேலேயே எழுதிவிடுகிற இந்தப் பழக்கம், குற்றஞ்சாட்டிப் பிரியும் முறை நீதிமன்றச் சுவர்களைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிட்டதன் அடையாளம். பெங்களூருச் சாவுக்கு மறுநாளே, டிசம்பர் 10 அன்று, உச்ச நீதிமன்றம் இதே பொருளைத் தொடும் இரண்டு தீர்ப்புகளை வழங்கியது தற்செயல்தான். நிலையான ஜீவனாம்சத்தை, அதாவது மணமுறிவுக்குப் பின் ஒருவர் மற்றவருக்குத் தர வேண்டிய பராமரிப்புத் தொகையை, முடிவு செய்ய எட்டு அளவுகோல்களை ஒரு தீர்ப்பு எடுத்துரைத்தது. தெலங்கானாவில் கணவர் மணமுறிவை நாடிய பின் அவர்மீதும் அவர் குடும்பத்தார்மீதும் பதிலடியாகத் தொடுக்கப்பட்டதெனக் கண்ட குற்ற வழக்கொன்றை மற்றொரு தீர்ப்பு நீக்கியது.

இந்நிலைக்குச் சட்டம் எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகக் காணலாம். 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் 13ஆம் பிரிவில் குற்றங்களைப் பட்டியலிடுகிறது: பிறருடன் உடலுறவு கொள்ளுதல், கொடுமை செய்தல், தொடர்ந்து இரண்டாண்டுகள் கைவிட்டிருத்தல், மதம் மாறுதல், துறவு பூணுதல் முதலியன. தீராத மனநோய், ஏழாண்டுகளாக உயிருடன் இருப்பதாகச் செய்தி இன்மை போன்ற, யாருடைய குற்றமும் அல்லாத காரணங்களும் அதே பட்டியலில் இடம் பெற்றுள்ளன. தொழுநோயும் 2019 வரை இருந்தது என்பது, நோயையும் குற்றத்தையும் ஒரே வரிசையில் வைத்த காலத்தின் மனநிலையைக் காட்டும். கொடுமையும் கைவிடுதலும் தொடக்கத்தில் நீதிமுறைப் பிரிவுக்கு, அதாவது மணம் நீங்காமலேயே தனித்து வாழ நீதிமன்றம் தரும் அனுமதிக்கு, மட்டுமே காரணங்களாக இருந்தன. 1976ஆம் ஆண்டின் திருத்தம் அவற்றை மணமுறிவுக்கும் காரணங்களாக்கியது. இருவர் இசைவால் பிரியும் 13பி பிரிவும் அதே திருத்தத்தில் வந்ததுதான். ஆனால் ஒருவர் இசைய மறுத்தால், மற்றவருக்குக் குற்றம் சொல்வதைத் தவிர வேறு கதவு பெரும்பாலும் இல்லை. ‘மீளமுடியாதபடி முறிந்த மணம்’ என்பதையே தனிக் காரணமாக்கலாம் என்று சட்ட ஆணையம் 1978இல் தன் 71ஆம் அறிக்கையிலும், 2009இல் 217ஆம் அறிக்கையிலும் பரிந்துரைத்தது; 2010இல் கொண்டுவந்த மசோதா சட்டமாகாமலே காலாவதியாயிற்று. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு, அரசமைப்பின் 142ஆம் உறுப்பு தனக்கு அளிக்கும் சிறப்பதிகாரத்தைக் கொண்டு அத்தகைய மணத்தைத் தான் முறிக்கலாம் என்று அறிவித்தது. அந்த அதிகாரம் குடும்ப நீதிமன்றத்துக்கு இல்லை. பெங்களூரு சித்தையா சாலைக் குடும்ப நீதிமன்றத்தில் திறக்காத கதவு டெல்லி உச்ச நீதிமன்றத்தில் திறக்கும் என்பது ஏழைத் தம்பதிக்கு எந்த வகையில் ஆறுதல் என்று தெரியவில்லை.

இசையாத துணையிடமிருந்து விடுபட ஒரே திறவுகோல் குற்றம் என்றானபின், குற்றம் இல்லாத இடத்தில் அதை உண்டாக்கும் ஆசை தோன்றுவது இயல்பு. இங்கிலாந்தில் 1937ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன், பிறருடன் உறவு கொண்டதே ஏறக்குறைய ஒரே காரணமாக இருந்தபோது, பிரிய விரும்பிய கணவன்மார் கூலிக்கு அமர்த்திய பெண்ணுடன் விடுதியறையில் ஓர் இரவைக் கழித்து, விடுதிப் பணியாளைச் சாட்சியாக்கினர். செய்யாத குற்றத்தைச் செய்ததாக நடித்து விடுதலை பெற்றனர். இந்துத் திருமணச் சட்டத்தின் 23ஆம் பிரிவு இத்தகைய கூட்டுச்சதியைத் தடுக்கிறது. ஆயினும் கூட்டாகச் சொல்லும் பொய்யைத் தடுத்த சட்டத்தால், ஒருவர் தனியாகப் பெருக்கிச் சொல்லும் பொய்யைத் தடுக்க இயலவில்லை. ‘கொடுமை’ என்னும் சொல்லுக்கு மணமுறிவுச் சட்டம் வரையறை தரவில்லை. உடலைத் துன்புறுத்துவதோடு மனத்தைத் துன்புறுத்துவதும் கொடுமையே என்று நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டுள்ளன. 2007இல் உச்ச நீதிமன்றம் மனக்கொடுமைக்கு எடுத்துக்காட்டுகளாக ஒரு நீண்ட பட்டியலையே தந்து, அதுவும் முழுமையானதன்று என்றது. குற்ற வழக்கில் வேண்டப்படும் ஐயத்துக்கு இடமற்ற மெய்ப்பு இங்குத் தேவையில்லை என்றும், இரு தரப்புக் கூற்றுகளில் எது நடந்திருக்கக்கூடியது என்று எடை போட்டால் போதும் என்றும் 1975லேயே தீர்ப்பாயிற்று. இவ்விரிவும் நெகிழ்வும் உண்மையாகவே துன்புற்றோருக்காக ஏற்பட்டவை. ஆயினும் அகன்ற வாயில் எல்லோருக்கும் அகன்றதுதான். ஒரு சண்டையில் வந்த கடுஞ்சொல்லும், உப்புக் குறைந்த குழம்பும், மாமியார் வீட்டுப் பொங்கலுக்குப் போகாததும் மனுவில் கொடுமையின் உருவெடுக்கும்.

இதைவிடக் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. பொய்யாகச் சாட்டும் குற்றமே சாட்டியவரின் குற்றமாக மாறிவிடுகிறது. துணையின் ஒழுக்கத்தைப் பழித்துப் பதில் மனுவில் எழுதும் ஆதாரமற்ற சொற்கள், அவையே மணமுறிவுக்குப் போதுமான கொடுமை என்று 2003இல் உச்ச நீதிமன்றம் கூறியது. பெங்களூருக் குடும்ப நீதிமன்றத்தில் தொடங்கிய இரண்டு வழக்குகள் இதன் முழுப் போக்கைக் காட்டுகின்றன. முதலாவதில், கணவருக்குப் பணிப்பெண்ணுடன் தொடர்பு என்று மனைவி சொன்னார். அப்பெயரில் எவரும் அவ்வீட்டில் வேலை செய்யவில்லை என்று நீதிமன்றம் கண்டது. குடும்ப நீதிமன்றம் 2001இல் தந்த மணமுறிவைக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2006இல் நீக்க, உச்ச நீதிமன்றம் 2016இல் மீண்டும் நிலைநாட்டியது. கணவனைப் பெற்றோரிடமிருந்து பிரிக்க முயல்வதும் கொடுமை என்று அத்தீர்ப்பு சொன்னதைப் பலர் குறை கூறினர், அதில் நியாயமும் உண்டு. ஆனால் இல்லாத பணிப்பெண்ணைப் பற்றிய பகுதியைக் குறை கூற இடமில்லை. இரண்டாவதில், 2007இல் மணந்த கணவர், தம் கறுப்பு நிறத்தைச் சொல்லி மனைவி இழிவுபடுத்தினார் என்று 2012இல் வழக்கிட்டார். குடும்ப நீதிமன்றம் 2017இல் அதைத் தள்ளியது. உயர் நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் அவருக்கு மணமுறிவு தந்தபோது, தம் பழிச்சொல்லை மறைக்கவே மனைவி கணவர்மீது தகாத உறவுப் பழியைச் சுமத்தினார் என்று முடிவு செய்தது. ஒரு வழக்கில் குடும்ப நீதிமன்றத் தீர்ப்புக்கும் இறுதித் தீர்ப்புக்கும் இடையே 15 ஆண்டுகள். மற்றொன்றில் மனுவுக்கும் மேல்முறையீட்டு முடிவுக்கும் இடையே 11 ஆண்டுகள். இளமையின் பெரும்பகுதி, பிறர் குற்றத்தை மெய்ப்பிப்பதிலும் தம் குற்றமின்மையை மெய்ப்பிப்பதிலும் கழிந்தது.

தமிழ் நூல்கள் இதைப் பற்றி என்ன சொல்லும் என்று கேட்டால், முதலில் வந்து நிற்பது தொல்காப்பியம். மணச்சடங்காகிய கரணம் ஏன் தோன்றியது என்பதற்கு அந்நூல் கூறும் காரணம் வியப்புக்குரியது: அன்பு மிகுந்ததாலோ தெய்வம் பணித்ததாலோ அன்று, காதலரிடையே பொய்யும் பிழையும் தலைகாட்டியதால்தான் மூத்தோர் அதனை வகுத்தனர். பொய்யைத் தடுக்கப் பிறந்த உறவைப் பொய்யால் முடிப்பது அதன் வேரையே அறுப்பதாகும். வள்ளுவர் வாய்மை அதிகாரத்தின் தொடக்கத்திலேயே, நிகழ்ந்ததை நிகழ்ந்தபடி சொல்வது என்னும் எளிய பொருளை விட்டு, எவருக்கும் தீங்கு பயவாத சொல்லே வாய்மை என்னும் அரிய பொருளைத் தருகிறார். இதன்படி, பொய்யாகச் சாட்டிய குற்றம் மட்டுமன்று, தேவையின்றிச் சாட்டிய உண்மைக் குற்றமும் வாய்மையிலிருந்து விலகியதாகும். அடக்கமுடைமை அதிகாரம் நாவைக் காக்கச் சொல்கிறது. புறங்கூறாமை அதிகாரம் எதிரில் இல்லாதவரைப் பழிப்பதைக் கண்டிக்கிறது. குற்றங்கடிதல் அதிகாரம் பிறர் குற்றத்தை அன்று, தன் குற்றத்தைக் கடியவே சொல்கிறது. நாலடியாரில் நட்பிற் பிழை பொறுத்தலுக்கென ஓர் அதிகாரமே உண்டு. நல்லவர் என்று விரும்பிக் கொண்டவர் அப்படியல்லர் என்று பின்னர்த் தெரிந்தாலும் அதை உள்ளடக்கிக்கொள்ள வேண்டும் என்பதும், நெல்லுக்கும் உமி உண்டு, நீருக்கும் நுரை உண்டு என்பதும் அதன் வாதம். நட்புக்கே இவ்வளவு என்றால், நட்பினும் நெருங்கியதாகிய மணத்துக்கு எவ்வளவு வேண்டும்?

இவற்றினும் பொருத்தமானது புறநானூற்றுப் பேகன் செய்தி. மயிலுக்குப் போர்வை ஈந்தவன் என்று புகழ்பெற்ற அவ்வள்ளல் தன் மனைவி கண்ணகியைத் துறந்து வேறொருத்தியுடன் வாழ்ந்தான். இன்றைய சட்டம் அதனைக் கைவிடுதல் என்றும் பிறருடன் உறவு என்றும் இரு தலைப்புகளில் எழுதும். கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் என்னும் நால்வர் அவனிடம் சென்று பாடினர். அவன் குற்றத்தை அவையில் அடுக்கவில்லை. தாங்கள் வேண்டும் பரிசில் பொன்னும் பொருளும் அன்று, அவன் அவளிடம் திரும்புவதே என்றனர். அழுத கண்ணுடன் நின்ற ஒரு பெண்ணைக் கண்டதைச் சொல்லி, அவள் யாரோ என்று கேட்டனர். குற்றம் செய்தவனுக்குக் குற்றம் தெரியும். அவனுக்குத் திரும்பும் வழியைத் திறந்து வைப்பதே அறம் என்பதை அந்நால்வரும் அறிந்திருந்தனர். அகத்திணையின் ஊடலில் பாணனும் தோழியும் வாயில்களாக, இடைநின்று இணைப்போராக, நடமாடுவதும் இம்மரபே. சிலப்பதிகாரத்துக் கண்ணகியோ, கோவலனின் பிழையை நன்கறிந்தும் அதை எந்த அவையிலும் வாதமாக்கவில்லை. ஆராயாமல் குற்றம் சுமத்திய பாண்டியன் முன்தான் அவள் சிலம்பை உடைத்தாள். ஆராயாத குற்றச்சாட்டு ஓர் அரசனின் உயிரையும் ஒரு நகரையும் கொண்டுபோயிற்று என்பதைத் தமிழர் ஒவ்வொரு தலைமுறைக்கும் சொல்லி வந்திருக்கின்றனர். சொல்லிவந்ததை நீதிமன்ற வாசலில் மறந்துவிடுகின்றனர்.

குற்றம் சாட்டுவதன் சட்ட விளைவுகளைச் சாட்டுவோர் பலர் தவறாகவே கணிக்கின்றனர். குற்றம் மெய்ப்பட்டால் கொடுக்க வேண்டிய பணம் குறையும் என்பது பொதுவான நம்பிக்கை. ஜீவனாம்சத்தை முடிவு செய்யும் இந்துத் திருமணச் சட்டத்தின் 25ஆம் பிரிவு இரு தரப்பு நடத்தையையும் கருதச் சொல்வது உண்மையே. முன்பு குற்ற நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவாகவும் இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவாகவும் உள்ள பராமரிப்பு விதி, பிறருடன் கூடி வாழும் மனைவிக்கு உரிமையை மறுப்பதும் உண்மையே. ஆனால் அளவைத் தீர்மானிப்பவற்றில் முதன்மையானவை வருவாயும் தேவையும் வாழ்க்கைத் தரமுமே. 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இரு தரப்பும் தம் சொத்து, வருவாய், கடன் ஆகியவற்றை உறுதிமொழிப் பத்திரமாகத் தாக்கல் செய்யக் கட்டாயமாக்கியது இதனால்தான். பிள்ளைகளின் பொறுப்பு யாரிடம் என்பதில் பிள்ளையின் நலமே அளவுகோல். பெற்றோரில் யார் நல்ல கணவர், யார் நல்ல மனைவி என்பது அங்கு இரண்டாம் கேள்வி. செய்த தவற்றைக் கொண்டே பயனடைய எவருக்கும் உரிமையில்லை என்பதும் சட்டமே: மனைவி, கணவரின் வேறு உறவைக் காட்டி நீதிமுறைப் பிரிவு பெற்ற கர்நாடக வழக்கொன்றில், பராமரிப்புத் தொகையையும் தராமல், சேர்ந்து வாழாததையே காரணமாக்கி மணமுறிவு கேட்ட கணவருக்கு 2001இல் உச்ச நீதிமன்றம் அதை மறுத்துவிட்டது.

பணத்தைவிடப் பெரிய இழப்பு மறைவின் இழப்பு. கணவனும் மனைவியும் தமக்குள் பேசியதை வெளியிடலாகாது என்னும் சாட்சியச் சட்ட விதி, அவர்களுக்கிடையிலான வழக்குக்குப் பொருந்தாது. ஆதலால் ஒருவர் அறியாமல் மற்றவர் பதிவு செய்த தொலைபேசி உரையாடலும் மண வழக்கில் சான்றாகலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டப்படி அது சரியான முடிவாகவே இருக்கலாம். ஆயினும் படுக்கையறையில் கைபேசியை ஒளித்துவைக்க ஒருவருக்கு உரிமை உண்டு என்றால், அதைப் பயன்படுத்தாமலிருக்கும் கடமையும் அவருக்கு உண்டு. கணவன் மனைவிமேல் சுமத்தும் பழியை மெய்ப்பிப்பதற்காகப் பிள்ளையின் மரபணுவைச் சோதிப்பதை வழக்கமான கருவியாக்க முடியாது என்று 2023இல் அதே நீதிமன்றம் மறுத்தது. பெற்றோர் வழக்கில் சாட்சியாக இழுபடாமலிருப்பது பிள்ளையின் உரிமை என்பதை அம்முடிவு நினைவூட்டியது. இத்தகைய வழக்குகளை மூடிய அறையில் விசாரிக்கவும், அச்சிட்டு வெளியிடாமலிருக்கவும் இந்துத் திருமணச் சட்டத்தின் 22ஆம் பிரிவு ஏற்பாடு செய்கிறது. மீறுவோருக்கு அது விதிக்கும் அதிகபட்ச அபராதம் ஆயிரம் ரூபாய். ஒரு குடும்பத்தின் மானத்துக்குச் சட்டம் 1955இல் இட்ட விலை அது. ஒரு தனியார் காணொளிக்கு இன்று ஒரு மணி நேரத்தில் கிடைக்கும் பார்வையாளர் எண்ணிக்கையை அது கனவிலும் கண்டிருக்காது.

மறுபக்கத்துக்கும் நியாயம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. அடிபட்ட பெண்ணுக்கும், கைவிடப்பட்ட மனைவிக்கும், ஏமாற்றப்பட்ட கணவனுக்கும் ‘நடந்தது தவறு’ என்று ஓர் அவை சொல்வதே மருந்தாகலாம். இசைவு தர மறுத்து வதைப்பவனிடமிருந்து குற்றம் சொல்லாமல் விடுபட அவர்களுக்கு வழியும் இல்லை. அகநானூற்றில் கள்ளூர் என்னும் ஊரில், பெண்ணொருத்தியுடன் கொண்ட உறவைப் பொய்ச்சூள் உரைத்து மறுத்தவனின் பொய்யை அவையத்தார் சாட்சிகளால் அறிந்து, அவனை மரத்தில் கட்டி, தலையில் நீற்றைக் கொட்டிய செய்தி வருகிறது. குற்றத்தை வெளிப்படுத்துவதையும் தமிழ் மரபு அறிந்தே இருந்தது. மேற்சொன்ன 2024 தெலங்கானாத் தீர்ப்பும், கொடுமைக்கு உள்ளான பெண் வாய்மூடி இருக்க வேண்டும் என்று தான் சொல்லவில்லை எனத் தெளிவுபடுத்தியது. இவர்கள் சாட்டும் குற்றம் மேலே சொன்ன இரு நிபந்தனைகளையும் நிறைவு செய்வதால் அறத்தின் வரம்புக்குள்ளேயே நிற்கிறது. ஆகவே இவர்களை முன்னிறுத்திப் பிறர் தம் பொய்யை நியாயப்படுத்த முடியாது.

இதில் வழக்கறிஞரின் பங்கு பெரிது. ‘மியூச்சுவலில் கையெழுத்துப் போடு, இல்லையேல் குற்ற வழக்கு’ என்னும் பேரம், பல நேரம் கட்சிக்காரரின் மனத்தில் தோன்றுவதற்கு முன்பே வேறொருவரின் மேசையில் தயாராக இருக்கிறது. முந்தைய மனுவொன்றின் பத்திகளைப் பெயர் மட்டும் மாற்றிப் புதிய மனுவில் இட்டு, அதன் அடியில் வாசிக்காத ஒருவரிடம் உறுதிமொழிக் கையெழுத்து வாங்கும் வழக்கறிஞர், பொய்ச்சாட்சி சொன்னவரைவிடக் குறைந்த குற்றவாளி அல்லர். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2022 ஏப்ரல் 6 முதல் குற்றம் சொல்லும் தேவையே நீங்கிவிட்டது. கணவரின் நடத்தை போதிய அளவு தீயதன்று என்று சொல்லி ஒரு பெண்ணுக்கு மணமுறிவை 2018இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் மறுக்க நேர்ந்ததும் அம்மாற்றத்துக்கு ஒரு தூண்டுதல். இலங்கையில் நிலை இன்னும் இறுக்கமானது: யாழ்ப்பாணத் தமிழரின் சொத்துரிமையைத் தேசவழமை ஆண்டாலும், மணமுறிவுக்கு அவர்களும் பொதுச் சட்டத்தையே நாட வேண்டும், அதுவோ பிறருடன் உறவு, கெட்ட எண்ணத்துடன் கைவிடல், மணத்தின்போதே இருந்த தீராத ஆண்மையின்மை ஆகிய மூன்றை மட்டுமே காரணமாக ஏற்கிறது. இசைந்து பிரிய விரும்பும் இருவரும்கூட அங்கு ஒருவர் கெட்ட எண்ணத்துடன் ஓடிப்போனதாக எழுதியாக வேண்டும்.

பெங்களூருவில் குடும்ப நீதிமன்றங்கள் இயங்கும் கட்டடத்துக்கு ‘நியாய தேகுல’ என்று பெயர். கன்னடத்தில் தேகுல என்றால் கோயில். 2007 முதல் அங்கு நீதிமன்றச் சமரச மையமும் இயங்கிவருகிறது. பேகனிடம் சென்ற நால்வரின் வேலையை இன்று பயிற்சி பெற்ற சமரசர்கள் மூடிய அறைகளில் செய்கின்றனர், அங்குப் பேசியது எதுவும் வழக்கில் சான்றாவதில்லை. இணைத்து வைக்க இயலாதபோது, பலர் அங்கிருந்து 13பி மனுவுடன் வெளிவருகின்றனர். ஓராண்டு பிரிந்து வாழ்ந்தனரா, சேர்ந்து வாழ இயலவில்லையா, மணத்தை முடிக்க இருவரும் இசைந்தனரா என்பன அம்மனுவில் சட்டம் கேட்கும் மூன்று செய்திகள்; பின்னர் ஆறு மாதக் காத்திருப்பு, அதையும் தக்க வழக்கில் நீதிமன்றம் தளர்த்தலாம் என்று 2017இல் முடிவாயிற்று. அவ்வீட்டில் என்ன நடந்தது, யார் யாரிடம் என்ன சொன்னார் என்பதை எழுத அம்மனுவில் இடமே கிடையாது.